மூட்டில் ஒட்டிய பூஞ்சை

சரவணம்பட்டியில் சத்தி ரோட்டோரம் முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்ட பெரியவர்கள் நிம்மதியாக நடப்பதைப் பார்க்கிறோம். அந்தச் செயற்கை முழங்கால் மூட்டிலும், செயற்கை இடுப்பு மூட்டிலும் அபூர்வமாகப் பூஞ்சை பிடிப்பதுண்டு. செயற்கை மூட்டில் வரும் தொற்றுகளில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றுதான் பூஞ்சையால் வருவது. பெரும்பாலும் கேண்டிடா என்ற பூஞ்சை. நம் தோலிலும் குடலிலும் சும்மா கிடப்பதுதான். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், ஏற்கெனவே அந்த மூட்டில் மறு அறுவை செய்துகொண்டவர்கள், நெடுநாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

இந்தத் தொற்று கொதிக்கும் காய்ச்சலோடு வருவது குறைவு. மாதக்கணக்கில் லேசான வீக்கம், விடாத வலி, அவ்வளவுதான். உள்ளே உலோகத்தின்மேல் குளத்துப் பாசிபோலப் படலம் கட்டிவிடும். மாத்திரை மட்டும் அதை அசைக்காது. அதனால் பெரும்பாலும் மூட்டையே கழற்றி, சுத்தம் செய்து, மருந்து கலந்த எலும்பு சிமென்ட்டைத் தற்காலிகமாக வைப்பார்கள். குறைந்தது 6 வாரம், பலருக்கு மாதக்கணக்கில் பூஞ்சை மருந்து. ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்து கேட்காவிட்டால் வேறு மருந்துகள் உண்டு. 2021-இல் கருப்புப் பூஞ்சைக்கு நாடே தேடி அலைந்த ஆம்போடெரிசினும் அதில் ஒன்று. அது சிறுநீரகத்தைத் தாக்கும், இரத்தப் பரிசோதனை தவறக்கூடாது. தொற்று அடங்கிய பிறகே புது மூட்டு.

மூட்டு வீங்கினால் மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். முதலில் மூட்டு நீரை எடுத்துக் கல்ச்சர் (கிருமி வளர்ப்புப் பரிசோதனை) பார்க்கட்டும். பூஞ்சைக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அது வளர்ந்து தெரிய நாளாகும், பொறுத்திருங்கள்.