எந்திரத்தின் சொல்லும் நோயுற்றார் உள்ளமும்

 

ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களுள் ஔடத தானத்திற்குச் சமணம் உயரிய இடம் அளித்தது. கணிமேதாவியார் ஏலாதி என்றும், காரியாசான் சிறுபஞ்சமூலம் என்றும் தம் அறநூல்களுக்கு மருந்தின் பெயரையே சூட்டினர். அம்மரபினர் எண்ணிப் பார்க்கத்தக்க புதிய நிலை ஒன்று இன்று எழுந்துள்ளது. புற்றுநோய் மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவு புகுந்துவிட்டது. நோயாளிகள் அதனை எவ்வாறு ஏற்கின்றனர்?

சுவீடன் நாட்டில் மார்பகப் புற்றுநோயை முன்னரே கண்டறிய எடுக்கப்படும் மேமோகிராம் படத்தை இரு மருத்துவர் தனித்தனியே பார்ப்பது வழக்கம். அங்கு 2021-இல் தொடங்கிய 'மாசாய்' ஆய்வில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட பெண்கள் இடம்பெற்றனர். அவருள் ஒரு பாதியினரின் படங்களைக் கணினி முதலில் ஆராய்ந்து, நோய்க்கான ஐயத்தை 1 முதல் 10 வரை மதிப்பிட்டது. 10 பெற்ற படங்களை இரு மருத்துவரும், ஏனையவற்றை ஒரு மருத்துவரும் பார்த்தனர். 2023-இல் வெளியான முதற்கட்ட முடிவு ஏறத்தாழ 80,000 பெண்களைப் பற்றியது. கணினியின் துணையோடு 1,000 பேரில் 6 பேருக்கும், பழைய முறையில் 5 பேருக்கும் நோய் கண்டறியப்பட்டது. படம் பார்க்கும் பணிச்சுமை 44 விழுக்காடு குறைந்தது. எனினும் மருத்துவர் கண்படாத படம் ஒன்றும் இல்லை.

நோயாளிகள் விழைவதும் ஏறக்குறைய இதுவே. கணினி படத்தைப் பார்ப்பதற்குப் பலரும் உடன்படுகின்றனர். முடிவை அது தனித்து எடுப்பதற்குத் தயங்குகின்றனர். அதனைப் பயன்படுத்துவதைத் தமக்குத் தெரிவிக்க வேண்டும் என்கின்றனர். பிழை நேர்ந்தால் பொறுப்பேற்பவர் யார் என்றும் வினவுகின்றனர். இதனை அறியாமை என்று தள்ளுதல் தகாது. ஐபிஎம் நிறுவனத்தின் 'வாட்சன்' புற்றுநோய் மென்பொருள் நியூயார்க்கில் உள்ள ஒரே மருத்துவமனையின் வல்லுநரால் பயிற்றப்பட்டது. பிற நாடுகளில் அதன் பரிந்துரை உள்ளூர் மருத்துவர் முடிவோடு பலவிடத்தும் ஒத்துவராமற் போயிற்று. பின்னர் அது கைவிடப்பட்டது. ஓர் ஊரின் பார்வையை உலகப் பார்வையாகக் கொண்டதை ஏகாந்தம் என்றே சமணர் சொல்வர்.

கணினி தரும் எண் எதுவும் 'ஸ்யாத்' என்னும் அடையோடு கேட்கத்தக்கது. 'ஒருவகையில் இது உண்டு' என்பதே அதன் பொருள். பல்லாயிரவர் தரவிலிருந்து திரட்டிய விழுக்காடு, எதிரில் அமர்ந்திருக்கும் ஒருவரின் ஆயுளைக் கணித்துவிடுவதில்லை. ஆனால் அச்சமுற்ற நெஞ்சம் அந்த அடைமொழியைத் தானே சேர்த்துக்கொள்ளாது. அதனை எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

குடும்பங்கள் சற்றே தயங்கும் இடம் இதுதான். 'அவரிடம் சொல்லிவிடாதீர்கள்' என்று மருத்துவரைத் தனியே கேட்டுக்கொள்ளும் வழக்கம் பல இல்லங்களில் உண்டு. அன்பினால் செய்வதுதான். ஆயின் இன்று நோயாளியின் கையிலேயே கைப்பேசி இருக்கிறது. எல்லாரும் உறங்கியபின் அவர் தம் பரிசோதனை அறிக்கையை அதில் இட்டு, பொருள் கேட்கிறார். வீட்டார் மறைத்த சொல்லை எந்திரம் ஒரு நொடியில் உரைத்துவிடுகிறது. அப்போது அருகில் எவரும் இல்லை. அது கூறியது தமக்குப் பொருந்துமா என்று கேட்கவும் ஆள் இல்லை. விடிந்தபின் அவர் அதனை வெளியில் சொல்வதுமில்லை. வீட்டாரும் மறைக்கின்றனர், அவரும் மறைக்கிறார்.

ஔடத தானத்திற்கு மருந்துச் செலவை ஏற்போர் உளர். நோயாளியோடு மருத்துவமனைக்குச் சென்று உடன் அமர்வோர் குறைவு. இந்த அறிக்கையைக் கணினி பார்த்ததா, மருத்துவர் பார்த்தாரா, இருவர் முடிவும் ஒத்தனவா, வேறுபட்டால் எதனைக் கொண்டீர்கள் என்பவை மருத்துவரிடம் கேட்கத்தக்கவை. நோயுற்றவர் சோர்ந்திருக்கும் நாளில் உடன்செல்பவர் அவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லலாம். மருத்துவர் கூறும் விடையை அத்தாளிலேயே குறித்து வந்து, மாலையில் நோயாளிக்கு மெல்லப் படித்துக் காட்டலாம்.