புதுச்செடிக்குப் பெயரிடுதல்

ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் வீட்டு வாயிலை ஒட்டி ஒரு காகிதப்பூச் செடி படர்ந்திருக்கிறது. ஒரே செடியில் வெண்ணிறக் கொத்துகளும் ஊதாச் சிவப்புக் கொத்துகளும் கலந்து பூப்பது அதன் சிறப்பு. தலைமையாசிரியர் பொறுப்பிலிருந்து நான் ஓய்வு பெற்ற நாளில், எங்கள் பள்ளித் தோட்டக்காரர் ஒரு பழைய தகர டப்பாவில் வைத்துத் தந்த போத்து அது. மாலைகளும் பொன்னாடைகளும் எங்கோ போயின. அந்தப் போத்து மட்டும் வேரூன்றி, மதிலைத் தாண்டித் தெருவை எட்டிப் பார்க்கலாயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதக் காலையில் அச்செடியின் ஒரு கிளை மட்டும் வேறு நிறமாகத் தெரிந்தது. அதன் இலைகள் விளிம்பில் பச்சையாகவும் நடுவில் பொன் மஞ்சளாகவும் இருந்தன. ஏனைய கிளைகள் யாவும் வழக்கம்போல் பச்சை. நான் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவே இல்லை. உலகில் எவரும் காணாத புதுவகை ஒன்று என் வாயிலில் தோன்றிவிட்டதென்றே நம்பினேன். அன்று மாலையே தோட்டக்காரரின் வீட்டுக்குச் சென்று, “உங்கள் செடி புதிதாக ஒன்றை ஈன்றிருக்கிறது. அதற்கு உங்கள் பெயரையே வைக்கப் போகிறேன்” என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை, புன்னகை செய்தார். அவர் மனைவியோ அண்டை வீட்டாரை அழைத்து அச்செய்தியைச் சொன்னார். அன்று நான் கொடுத்த வாக்கு பின்னர் என்னை எங்ஙனம் வருத்தியது என்பதையும், ஒரு புதுவகை உண்மையில் எவ்வாறு உருவாகிறது என்பதையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், ஓர் இலை இருநிறமாவது ஏன்? இலையின் பசுமைக்குக் காரணம் பச்சையம். பச்சையம் உண்டாகாத இடத்தில் இலை வெளுக்கும் அல்லது மஞ்சளாகும். இதற்குக் காரணங்கள் பல. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் செடிக்கு இரும்புச்சத்து கிட்டாமற்போனால் இளந்தளிர் மஞ்சளாகும். நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கும். நச்சுயிரி நோய் பற்றினாலும் இலையில் புள்ளிகளும் தேமல்களும் தோன்றும். முன்னது குறைபாடு, பின்னது பிணி. இரண்டையும் புதுவகை என்று கொண்டாடினால் நகைப்புக்கு இடமாகும்.

மூன்றாவது காரணமே நமக்கு வேண்டியது. செடியின் வளர்நுனியில் உயிரணுக்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. அவற்றுள் ஓர் அணு திடீரென மாறுதலுற்று, பச்சையம் உண்டாக்கும் திறனை இழக்கலாம். அதன் வழித்தோன்றல்கள் ஓர் அடுக்கு முழுவதையும் நிரப்பிவிட்டால், அந்நுனியிலிருந்து பிறக்கும் இலைகளெல்லாம் இருநிறமாகின்றன. இலையின் விளிம்பு பெரும்பாலும் வெளியடுக்குகளிலிருந்தும், நடுப்பகுதி உள்ளடுக்கிலிருந்தும் உருவாவதால், உள்ளடுக்கு மாறினால் நடுவில் மஞ்சளும் ஓரத்தில் பச்சையும் அமையும். இரு வேறு அணுக்குலங்கள் ஒரே உடலில் கூடி வாழும் இத்தகைய செடிகளின் அமைப்பை ஜெர்மானிய அறிஞர் எர்வின் பௌர் 1909ஆம் ஆண்டில் ஜெரேனியச் செடிகளைக் கொண்டு விளக்கினார்.

அதே 1909ஆம் ஆண்டில் கார்ல் கோரென்ஸ் என்னும் மற்றோர் ஜெர்மானியர், நம் வீட்டுக் கொல்லைகளில் மாலையில் மலருகின்ற அந்திமந்தாரையை ஆராய்ந்தார். மெண்டலின் விதிகளை 1900இல் உலகுக்கு மீண்டும் எடுத்துக்காட்டியவர்களுள் இவர் ஒருவர். பச்சைக் கிளை, வெள்ளைக் கிளை, கலப்புக் கிளை என மூன்றும் ஒரே செடியில் அமைந்த அந்திமந்தாரை அவருக்குக் கிடைத்தது. பச்சைக் கிளையின் பூவில் உண்டான விதைகள் பச்சைச் செடிகளையே தந்தன. வெள்ளைக் கிளையின் விதைகள் வெள்ளை நாற்றுகளைத் தந்தன; உணவு ஆக்கும் வழியின்றி அவை மடிந்தன. கலப்புக் கிளையின் விதைகளிலிருந்து மூவகை நாற்றுகளும் தோன்றின. எந்தக் கிளையின் மகரந்தத்தைத் தூவினாலும் முடிவு மாறவில்லை. தாய்க்கிளை எதுவோ அதுவே சேயின் நிறத்தை நிர்ணயித்தது. மெண்டலின் விதிக்குள் அடங்காத பரம்பரை வழி ஒன்று உண்டென்பதற்கு எளிய அந்திமந்தாரை சான்றாயிற்று. காகிதப்பூவும் அந்திமந்தாரையும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை இங்கே நினைவிற் கொள்ளுங்கள்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். இருநிற இலைச்செடியை விதையால் அப்படியே பெருக்க இயலாது. போத்து, பதியன், ஒட்டு ஆகியவற்றால்தான் அதைக் காக்க முடியும். அப்போதும் அது நிலைத்து நிற்குமா என்பது ஐயமே. பச்சைக் கிளைக்கு உணவு ஆக்கும் ஆற்றல் மிகுதி. ஆகவே அது விரைந்து வளர்ந்து மஞ்சள் கிளையை அமுக்கிவிடும். தோட்டக்காரர் கத்தரியுடன் விழித்திருந்தாலன்றி, ஓரிரு ஆண்டுகளில் புதுமை மறைந்து பழைய செடியே எஞ்சும்.

நான் அந்த ஆண்டு ஆடி மாதத்தில் இருபத்து நான்கு போத்துகளை நட்டேன். ஒன்பது வேர்விட்டன. அவற்றுள் மூன்று சில மாதங்களில் முழுப் பச்சையாகிவிட்டன. எஞ்சிய ஆறிலிருந்து மறு ஆண்டு மீண்டும் போத்து எடுத்தேன். இவ்வாறு மூன்றாண்டுகள் கழிந்தன. ஒவ்வொரு செடிக்கும் எண்ணிட்டு, நட்ட நாள், துளிர்த்த நாள், நிறம் திரும்பிய நாள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தேன்.

அடுத்தபடியாக வருணனை எழுத முற்பட்டேன். “கண்ணைப் பறிக்கும் பொன்னிற இலைகள், காண்போர் உள்ளத்தைக் கொள்ளை கொள்ளும் பேரெழில்” என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதினேன். தோட்டக்கலை பயின்று ஆராய்ச்சி செய்துவரும் என் பழைய மாணவி ஒருவர் அதைப் படித்துவிட்டு, “ஐயா, அறிவியல் தேர்வில் நாங்கள் இவ்வாறு எழுதியிருந்தால் எத்தனை மதிப்பெண் தந்திருப்பீர்கள்?” என்று கேட்டார். நான் நாணினேன். அந்த இரண்டு பக்கங்களையும் கிழித்தெறிந்தேன்.

அறிவியல் வருணனை என்பது புகழ்ச்சியன்று. அச்செடியைக் காணாத ஒருவர், அந்த எழுத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, ஆயிரம் செடிகளுக்கிடையே அதைக் கண்டுபிடிக்கத் தக்கவாறு அமையவேண்டும். இலையின் நீளம், அகலம். மஞ்சள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது. இளந்தளிரின் நிறம் யாது, முதிர்ந்த இலையின் நிறம் யாது. பூவைச் சுற்றியுள்ள வண்ணச் செதில்களின் வடிவம் எத்தகையது - இவற்றை ஒரே இலையில் பார்க்காமல் பல இலைகளில் அளந்து எழுதவேண்டும். நிறத்தைச் சொல்லவும் அளவுகோல் உண்டு. இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் வெளியிட்ட வண்ண அட்டைகளில் ஒவ்வொரு நிறத்துக்கும் எண் இருக்கிறது. ‘எலுமிச்சை மஞ்சள்’ என்று நானும் ‘பொன் மஞ்சள்’ என்று நீங்களும் வழக்காடுவதற்கு அங்கே இடமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தாய்ச்செடியையும் நெருங்கிய பிற வகைகளையும் அருகருகே வளர்த்து ஒப்பிடவேண்டும்.

இம்முறையில் நம் நாட்டில் உருவான இருநிற இலை வகைகளுக்கு நல்ல எடுத்துக்காட்டு நிலச்சம்பங்கி. குளிர்நாட்டார் தம் தோட்டங்களில் ஹோஸ்டா என்னும் செடியை இலையழகுக்காகவே போற்றுகின்றனர். அதில் எண்ணற்ற இருநிற வகைகளை உண்டாக்கியுள்ளனர். ஜப்பான், கொரியா, சீனா ஆகியவை அதன் தாயகம். பனிக்கால உறக்கமின்றி அது செழிக்காதாகையால் சென்னைக்கு அது அந்நியம். ஆனால் அதன் நெருங்கிய உறவினமான நிலச்சம்பங்கி நமக்கு அந்நியமன்று. மயிலாப்பூர் மாட வீதியில் அதன் மணத்தை அறியாதார் யார்? இலக்னோவிலுள்ள தேசியத் தாவரவியல் தோட்டத்தின் அறிஞர்கள் நிலச்சம்பங்கிக் கிழங்குகளின்மேல் காமாக் கதிர்களைச் செலுத்தி, அவற்றில் தோன்றிய மாறுதல்களுள் நிலைத்து நின்றவற்றைத் தேர்ந்தெடுத்தனர். ஒற்றை அடுக்குப் பூவில் ‘ரஜத ரேகை’ கிடைத்தது. அதன் இலை நடுவில் வெள்ளிக் கோடு ஓடும். இரட்டை அடுக்கில் ‘சுவர்ண ரேகை’ கிடைத்தது. அதன் இலை விளிம்பில் பொற்கோடு அமையும். இரண்டு பெயர்களுமே சுருக்கமான வருணனைகளாய் அமைந்திருப்பதைக் கவனியுங்கள். வெள்ளி எங்கே, பொன் எங்கே என்ற குறிப்பு இருந்தால் இரண்டையும் எவரும் பிரித்தறியலாம். அந்தத் தோட்டமே 1978 முதல் தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் பெற்றது.

இனி என் கதைக்கு வருகிறேன். திருத்தி எழுதிய வருணனையைக் கண்ட மாணவி ஒரே ஒரு வினா எழுப்பினார்: “தாய்ச்செடியின் வகைப்பெயர் என்ன ஐயா?” அதை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. ஒரே செடியில் வெள்ளையும் ஊதாச் சிவப்பும் பூப்பது ‘மேரி பாமர்’ என்னும் புகழ்பெற்ற வகையின் இயல்பு என்று அவர் விளக்கினார். மறுவாரம் ஒரு தொட்டியைக் கொண்டுவந்து என் செடிக்கு அருகில் வைத்தார். அது ‘திம்மா’. மேரி பாமரில் அரும்பு மாற்றத்தால் தோன்றி, நெடுங்காலமாக இந்தியத் தோட்டங்களில் வளர்ந்துவரும் வகை. நடுவில் மஞ்சள், ஓரத்தில் பச்சை. இருவரும் இலை இலையாக அளந்தோம். ஒரு வேற்றுமையும் காணவில்லை.

“ஆயினும் இது என் வீட்டில் தனியே தோன்றியதல்லவா?” என்றேன். “தோன்றிய இடம் முக்கியமன்று, வேறுபடுத்திக் காட்ட முடிகிறதா என்பதே கேள்வி” என்றார் அவர். 1953இல் முதன்முதலாக வெளியான பயிரிடப்படும் தாவரங்களின் பெயரிடு நெறியும் அதையே வற்புறுத்துகிறது. நம் நாட்டில் 2001ஆம் ஆண்டின் பயிர் வகைகள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டமும் ஒரு புதுவகைக்கு நான்கு தேர்வுகளை வைக்கிறது: புதுமை, தனித்தன்மை, ஒருசீர்மை, நிலைபேறு. என் செடி ஒருசீராக இருந்தது, நிலைத்தும் நின்றது. புதுமையும் தனித்தன்மையும் அதற்கில்லை. காகிதப்பூ வகைப்பெயர்களைப் பதிவு செய்யும் உலகப் பொறுப்பு டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்திடம் உள்ளது. அங்கு விண்ணப்பிக்க நான் எழுதி வைத்திருந்த தாள் மேசையிலேயே கிடந்தது.

அச்சமயம் ஒரு நாற்றுப்பண்ணைக்காரர் வந்தார். “பெயர் எதுவாயினும் என்ன? புதுப்பெயர் சூட்டினால் நல்ல விலைக்குப் போகும்” என்றார். அந்தச் சொல் என்னைச் சிறிது அசைத்தது என்பதை மறைக்கமாட்டேன். பணத்தாசையால் அன்று, கொடுத்த வாக்கை நினைத்து. ஆனால் ஒரே செடி இரண்டு பெயர்களில் விற்கப்பட்டால், இரண்டையும் வாங்கி நடுபவர் ஏமாறுவார். பின்னால் ஆராய்பவர் குழம்புவார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாணவர்களின் பிழையைச் சிவப்பு மையால் சுழித்தவன், தன் பிழையைத் தகரச் சீட்டில் எழுதித் தொங்கவிடலாமா?

தோட்டக்காரரிடம் சென்று நடந்ததைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, “அது கிடக்கட்டும் ஐயா. பச்சைக் கிளைகளை ஒழுங்காக வெட்டிவிடுகிறீர்களா?” என்று கேட்டார். வெட்டுகிறேன் என்றேன். “அப்படியானால் எனக்கும் ஒரு தொட்டி தாருங்கள்” என்றார். என் ஆறு செடிகளுள் மிக நன்றாக வளர்ந்ததை அவர் வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். அதன் சீட்டில் ‘திம்மா’ என்றுதான் எழுதியிருக்கிறது.

மாணவர்களே, நீங்களும் ஒருநாள் உங்கள் தோட்டத்தில் புதியதொன்றைக் காணக்கூடும். ஒரு காகிதப்பூக் கிளையிலோ, ஒரு குரோட்டன்ஸ் இலையிலோ, அந்திமந்தாரை நாற்றிலோ அது தோன்றலாம். கண்டவுடன் மகிழுங்கள். ஆனால் பெயர் வைக்க விரையாதீர்கள். நோயா, குறையா என்று பாருங்கள். போத்து எடுத்து, சில ஆண்டுகள் நிலைக்கிறதா என்று காத்திருங்கள். அளந்து எழுதுங்கள். உங்களுக்கு முன்னரே எவரேனும் கண்டிருக்கிறார்களா என்று தேடுங்கள். அத்தனைக்கும் பின் அது புதிதாகவே நின்றால், அப்போது பெயரிடுங்கள். அந்தப் பெயர் நிலைக்கும். புதிதன்று என்று தெரிந்தாலும் வருந்தவேண்டா. அந்த மூன்றாண்டுகளில் நான் கற்ற தாவரவியலை அதற்கு முன் எந்த மூன்றாண்டிலும் கற்றதில்லை.

நாளைக் காலையிலும் நான் கத்தரியுடன் அந்த வாயிற்செடியருகே நிற்பேன். பச்சைக் கிளை ஒன்று மீண்டும் துளிர்த்திருக்கிறது.