மலைமக்கள் எடுத்த விழா



போடிநாயக்கனூரில் வழங்கும் தொடர் ஒன்று உண்டு: ஏலக்காய் ஏலம். ஏலம் என்னும் இவ்விரு சொற்களும் ஒலியால் ஒன்று, பிறப்பால் வேறு. முன்னது மலையில் விளைவது. கணிமேதாவியார் தம் அறநூலுக்கு ஏலாதி எனப் பெயரிட்டது, ஏலம் முதலாகிய ஆறு மருந்துப் பொருள்களை எண்ணியே ஆகும். பின்னது விலைகூறி விற்றலைக் குறிப்பது. போர்த்துக்கீசியர் மொழியினின்று வந்தது. மண்ணில் முளைத்தது எது, கரையில் இறங்கியது எது என்று கடைத்தெருவில் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

திருவிழாக்களின் நிலையும் இதுவே. ஆண்டு முழுவதும் விழாக்கள் வருகின்றன. அவற்றுள் நிலத்தொடும் உழைப்பொடும் பிறந்தவை எவை, பின்னர் வந்து ஒட்டியவை எவை என அறிய வழி உண்டா? உண்டு. பழந்தமிழ் நூல்களே அவ்வழி.

7ஆம் நூற்றாண்டினரான ஞானசம்பந்தர், மயிலாப்பூரில் பூம்பாவையை விளித்துப் பாடிய பதிகத்தில் விழாக்களை வரிசைப்படுத்துகிறார். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்தரம் என அவ்வரிசை செல்கிறது. தீபாவளி அங்கில்லை, சங்கப் பாடல்களிலும் இல்லை. அகநானூறும் நற்றிணையும் அறிந்த விளக்கு விழா கார்த்திகையே. இதைக் கூறுவது, தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குப் புத்தாடை எடுக்கும் ஏழைத் தாயைப் பழிப்பதற்கன்று. அவள் மகிழ்ச்சி பழிக்கத்தக்கதும் அன்று. ஆனால், கடன்பட்டு ஒரு விழாவைக் கொண்டாடும் வீட்டில், ஓர் அகல்விளக்கால் நிறைவுறும் விழா மங்கிப் போவது ஏன் என்பதே வினா.

நிலத்தோடு பிறந்த விழாவின் இயல்பைப் போடி மலைச்சரிவில் காணலாம். ஆடியில் மேல்காற்று வீசும். மலைமேல் மழை பொழியும். குரங்கணிப் பக்கத்து ஓடைகள் கொட்டகுடி ஆற்றில் வந்து கூடும். நீரை வணங்கும் ஆடிப்பெருக்கும் அப்போதே வருகிறது. அம்மழையில் தழைத்த ஏலச்செடி ஆவணியளவில் பறிப்புக்கு வரும். காய்கள் ஒருங்கே முதிர்வதில்லை. ஆதலின் பறிப்புப் பல சுற்றாகத் தைவரை நீளும். அவை காய்ப்பதும் செடியின் அடியில், தரையை ஒட்டிய சரங்களில். பறிப்பவர் முதுகு நாளெல்லாம் வளைந்தே இருத்தல் வேண்டும். விடியுமுன் ஊர்தியேறி மலைக்குச் சென்று பொழுது சாய இறங்கும் அப்பெண்களுக்குப் பொங்கல் என்பது நாட்காட்டியில் அச்சிட்ட விடுமுறை மட்டுமன்று. உழைப்பின் ஒரு சுற்று முடிவதன் அடையாளம்.

இனி, சித்திரை முழுநிலவுக்கு வருவோம். போடிக்குத் தெற்கே, கம்பம் பள்ளத்தாக்கின் கோடியில், குமுளிக்கு அருகே நிற்பது மங்கலதேவி மலை. அதன் உச்சியிலுள்ள பழங்கோயிலே சிலப்பதிகாரம் கூறும் கண்ணகி கோட்டம் என 1963இல் ஆய்ந்து கூறினார் புலவர் சி. கோவிந்தராசனார்.

மதுரை எரிந்தபின் கண்ணகி வையைக் கரைவழியே மேற்கு நோக்கி நடந்தாள். நெடுவேள் குன்றம் ஏறி வேங்கை நிழலில் நின்றாள். அவளைத் தெய்வமென முதலில் கண்டவர் யார்? முடிமன்னர் அல்லர்; மறையோதுவோரும் அல்லர்; அம்மலையில் வாழ்ந்த குறவரே! அவர்களே பறை முழக்கினர், மலர் தூவினர், குரவை ஆடினர். அவர்கள் சொல்லித்தான் பேரியாற்றங்கரையில் தங்கியிருந்த செங்குட்டுவன் செய்தி அறிந்தான். அன்று அவர்கள் அவனுக்குத் தலைச்சுமையாய்க் கொணர்ந்த மலைவளங்களுள் யானைக்கோடும் அகிலும் தேனும் இருந்தன, ஏலக்கொடியும் இருந்தது. இமயக்கல்லும் அரசன் எடுத்த விழாவும் அதன் பின்னரே வந்தன.

விழாவின் உட்பொருள் இதில் விளங்குகிறது. முறை தவறிய அரசை நேர்நின்று வினவிய ஒரு பெண்ணை, சுமை சுமந்த மக்கள் தம் குலத்தெய்வமாக்கினர். அறம் வேறு, தெய்வம் வேறு என அவர்கள் கருதவில்லை. அவ்வழிபாடு கடல் கடந்தும் சென்றது. ஈழத்து மட்டக்களப்பில் வைகாசித் திங்களில் கண்ணகை அம்மனுக்குச் சடங்கு நிகழ்கிறது. சிங்கள மக்களும் பத்தினித் தெய்வமென அவளை வணங்குகின்றனர்.

அவள் நின்ற மலையிலோ கோட்டம் சிதைந்து கிடக்கிறது. 1956இல் மாநிலங்கள் மொழிவழிப் பிரிக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. மங்கலதேவி மலை இன்று எல்லை மலை. பெரியாற்றுப் புலிகள் காப்பகத்துள் அடங்கியது. தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சியர் இருவரும் கூடி ஏற்பாடு செய்ய, ஆண்டில் அவ்வொரு நாள் பகலில் மட்டும் மக்கள் மேலேறுகின்றனர். பளியன்குடி வழியே கால்நடையாக ஏறுவோரும் உளர்.

ஒருநாள் போதாது என்பது உண்மை. அதனினும் பெருங்குறை ஒன்று உண்டு. மங்கலநாண் பெற்று இறங்கிவரும் தாய், தன் மகளுக்கு அக்கதையைச் சொல்கிறாளா? சொல்லாவிடின், மலை திறந்திருந்தும் கோட்டம் மூடியதே ஆகும். ஆதலின், சித்திரை முழுநிலவன்று மலையேற இயலாத வீடுகளில் குன்றக்குரவையை வாய்விட்டுப் படியுங்கள். கார்த்திகை விளக்கைத் தமிழ்ப்பாட்டோடு ஏற்றுங்கள். ஏலத்துக்கு விலை ஏறும்போது, அதனைக் குனிந்து பறித்த கைக்கு உரிய கூலி சேர்ந்ததா என்று கேளுங்கள். அன்று கண்ணகி அரசவையில் கேட்டதும் முறையையே. அக்கேள்வி உயிரோடிருக்கும் வரை அம்மலைமக்கள் எடுத்த விழாவும் உயிரோடிருக்கும்.