வியாழக்கிழமை மாலை



1732-ஆம் வருஷத்தின் தொடக்கத்தில், ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்த இருபத்தெட்டு வயது வாலிபர் ஒருவர், தொலைவிலே ஒரு கிராமத்தில் முதுமையை எய்திக்கொண்டிருந்த தம் தாயாருக்குக் கடிதம் எழுதினார். கிரேக்கமும் லத்தீனும் கற்றுத் தேர்ந்த அந்த வாலிபர் தம் தாயாரிடம் கேட்டது பொருளன்று, சிபாரிசும் அன்று. தாம் சிறுவனாயிருந்த காலத்தில் வியாழக்கிழமைதோறும் மாலையில் அன்னையார் தமக்கென்று ஒதுக்கிவைத்த சிறு பொழுதை, இப்போதும் தமக்காக ஒதுக்கித் தம் மனத்தைச் செம்மைப்படுத்த வேண்டும் என்பதே அவர் கேட்டுக்கொண்டது. அந்த வாலிபர்தாம் பிற்காலத்தில் மெதடிஸ்டு இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி. அந்தத் தாயார் சூசன்னா வெஸ்லி அம்மையார். எழுபத்துமூன்று ஆண்டுகள் வாழ்ந்த அந்த அம்மையாரின் ஜீவியத்தில், அந்த வியாழக்கிழமை மாலை எப்படிப் பிறந்தது என்பதையே இன்று உங்களுடன் சிந்திக்க விரும்புகிறேன்.

1669-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் லண்டன் மாநகரில், டாக்டர் சாமுவேல் அன்னெஸ்லி என்னும் புகழ்பெற்ற குருவானவரின் இருபத்தைந்தாவது குழந்தையாக சூசன்னா பிறந்தார். மனச்சாட்சியின் பொருட்டு அரசாங்கத் திருச்சபையை விட்டு வெளியேறியவர் அந்தத் தந்தை. பதின்மூன்று வயதை எட்டுமுன்பே தர்க்கங்களையெல்லாம் தாமாக ஆராய்ந்து, அதே திருச்சபைக்குத் திரும்புவதென்று தீர்மானித்தவர் அந்த மகள். தந்தையோ கோபிக்கவில்லை; தம் கடைக்குட்டியின் சுதந்திர புத்தியை அன்புடன் ஏற்றுக்கொண்டார். 1688-இல் சாமுவேல் வெஸ்லி என்னும் இளங்குருவை மணந்து, பின்னர் லிங்கன்ஷயரைச் சேர்ந்த சதுப்பு நிலப் பிரதேசத்திலே எப்வொர்த் என்ற ஊரின் குருமனையில் அவர் குடியேறினார்.

அந்த இல்வாழ்க்கை எளிதாக இருக்கவில்லை. பத்தொன்பது குழந்தைகளைப் பெற்று, அவர்களில் ஒன்பது பேரைப் பிஞ்சுப் பருவத்திலேயே மண்ணுக்குக் கொடுத்த தாய் அவர். கல்விமானும் கவிஞருமாகிய கணவருக்கோ வரவறிந்து செலவு செய்யும் சாமர்த்தியம் இல்லை. 1705-இல் முப்பது பவுனுக்கும் குறைந்த ஒரு கடனுக்காக அவரை லிங்கன் கோட்டைச் சிறையில் அடைத்தபோது, அனுப்புவதற்கு வீட்டில் வேறொன்றும் இல்லாமையால், அம்மையார் தம் விரல் மோதிரங்களைக் கழற்றி அனுப்பினார். கணவர் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார். உணவுக்கு என்றாவது முட்டுப்பட்டது உண்டா என்று யார்க் நகரத்துப் பிரதம அத்தியட்சர் வினவியபோது, அப்பம் இல்லாமற்போன நாள் இல்லையென்றாலும், உண்பதற்கு முன் அதைத் தேடுகிற கவலையும் உண்டபின் அதன் விலையைக் கொடுக்கிற கவலையும் சேர்ந்து அதன் சுவையையே கெடுத்துவிட்டன என்ற கருத்தில் அவர் விடையளித்தார். துன்பத்தைப் பெரிதாக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. அதுவே அவருடைய சத்தியம்.

1709 பிப்ரவரி 9-ஆம் தேதி இரவு குருமனை தீப்பற்றியது. நிறைகர்ப்பிணியாயிருந்த அம்மையார் முகமும் கைகளும் கருக, நெருப்பினூடே நடந்து வெளியே வந்தார். மாடியிலே தனியே அகப்பட்டுக்கொண்ட ஐந்து வயது ஜானை, ஒருவர் தோள்மீது மற்றொருவர் ஏறி நின்று ஜன்னல் வழியாக இறக்கினார்கள். அடுத்த கணமே கூரை சரிந்து விழுந்தது. இத்துணை கிருபையோடு கடவுள் காத்துக்கொடுத்த இந்தக் குழந்தையின் ஆத்துமாவை இனி முன்னிலும் கவனமாக வளர்ப்பேன் என்று இரண்டாண்டுகளுக்குப் பின் அம்மையார் தம் தியானக் குறிப்பில் எழுதிவைத்தார்.

இனி நான் சொல்லப்போவது தமிழ் மக்களாகிய நமக்கு நெருங்கிய செய்தி. 1711-ஆம் ஆண்டின் இறுதியில், திருச்சபைப் பேரவையின் பொருட்டுக் கணவர் லண்டனில் தங்கியிருந்த காலத்தில், மூத்த மகள் எமிலி தந்தையாரின் படிப்பறையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துவந்தாள். டென்மார்க்கு மன்னர் அனுப்ப, 1706-இல் நம்முடைய தரங்கம்பாடியில் கரையிறங்கித் தமிழைக் கற்றுத் தொண்டு புரிந்த சீகன்பால்கு, புளூட்சோ என்னும் மிஷனரிமாரின் வரலாறு அது. அதைப்போல் வேறெதுவும் தம் உள்ளத்தை உருக்கியதில்லை என்று அம்மையாரே பின்னர்த் தெரிவித்தார். தாம் ஆண்மகனும் அல்லர், குருப்பட்டம் பெற்றவரும் அல்லர். ஆயினும் தம் பொறுப்பில் விடப்பட்ட ஆத்துமாக்களுக்குத் தாம் இன்னும் அதிகமாகச் செய்யக் கூடாதா என்று சிந்தித்தார். கடல் கடந்து போக வேண்டியதில்லை; தம் கண்முன்னே எட்டுக் குழந்தைகள் இருந்தார்கள்.

அப்போது அவர் வகுத்ததே வார முறை. திங்கள் மாலை மாலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்சி, வியாழன் ஜான், வெள்ளி பாட்டி என்னும் மகள், சனி சார்ல்ஸ், ஞாயிறு எமிலியும் சூக்கியும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு மாலை. அந்த வேளையில் தாய் அந்தக் குழந்தைக்கு மட்டுமே உரியவர். அச்சத்தையும் ஐயத்தையும் கேட்பார். மனம் திறந்து பேசுவார். பகலெல்லாம் வீடே பாடசாலை. ஐந்து வயது நிறைந்ததும் ஒரே நாளில் எழுத்துக்களைக் கற்பித்து, மறுநாளே ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தைத் தொடங்கிவிடுவார். நன்றாக வாசிக்கத் தெரியும்வரை எந்தப் பெண் குழந்தையையும் தையல் முதலிய வேலைகளில் அமர்த்தலாகாது என்பது அவர் விதி; பெண் கல்வியைப் பற்றிப் பலரும் நினையாத காலத்தில் அந்த விதி பிறந்தது. அவருடைய சிட்சையின் கண்டிப்பு முழுவதையும் இன்றைய தாய்மார் ஏற்கமாட்டார்கள், ஏற்கவும் வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கண்டிப்புக்கு நடுவே, ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியே அறிந்த ஓர் உள்ளம் இருந்தது.

அதே குளிர்காலத்தில், ஞாயிறு மாலைகளில் அம்மையார் தம் வீட்டாருக்காக வாசித்த பிரசங்கங்களைக் கேட்க அண்டை அயலார் வரத் தொடங்கி, கடைசியில் இருநூறு பேருக்கு மேல் கூடினார்கள். இடமில்லாமல் திரும்பியவர்கள் பலர். பெண்ணொருத்தி இவ்வாறு செய்வது முறையன்று என்று உதவிக் குரு புகார் எழுத, நிறுத்திவிடும்படி கணவரும் தெரிவித்தார். இக்கூட்டம் கலைய வேண்டுமாயின் விருப்பமென்று சொல்லாமல் திட்டமான கட்டளையாகவே எழுதியனுப்புங்கள், கிறிஸ்துவின் நியாயாசனத்தின் முன்னே அந்தப் பொறுப்பிலிருந்து நான் நீங்கியிருக்க வேண்டும் என்று அம்மையார் பணிவும் உறுதியும் கலந்து பதில் எழுதினார். கட்டளை வரவில்லை, கூட்டமும் கலையவில்லை.

1735-இல் கணவர் காலமானார். பெண்மக்களில் சிலருடைய இல்வாழ்வு துயரமாயிற்று. கவிதை நெஞ்சம் படைத்த ஹெட்டி மிகவும் வருந்தினாள். வளர்த்தவர் கையில் பலன் இல்லை என்பதை அம்மையாரும் அறியவேண்டியிருந்தது. கடைசி ஆண்டுகளில், லண்டனில் பழைய பீரங்கி வார்ப்புப் பட்டறையொன்றை ஜெபாலயமாக மாற்றியிருந்த ஜானுடன் தங்கினார். குருப்பட்டம் பெறாத ஒருவர் அங்கே பிரசங்கம் செய்துவிட்டார் என்று கேட்டுச் சினத்துடன் மகன் திரும்பியபோது, உன்னைப் போலவே அவரும் கடவுளால் அழைக்கப்பட்டவர், தடுக்குமுன் நீயே ஒரு முறை கேட்டுப்பார் என்று சொன்னவர் அவரே. மகன் கேட்டார்; தடையை மறந்தார். எளிய மக்கள் பலர் பிரசங்க பீடம் ஏறுவதற்கு அங்கே வழி பிறந்தது.

1742 ஜூலை மாதம், தம் உயிர் பிரிந்தவுடன் கடவுளைத் துதித்து ஒரு சங்கீதம் பாடுங்கள் என்று கேட்டுக்கொண்டு அவர் கண்மூடினார். கட்டிலைச் சூழ்ந்து நின்ற மக்கள் அவ்வாறே பாடினார்கள். மோட்சப் பிரயாணம் எழுதிய ஜான் பனியன் உறங்கும் பன்ஹில் மயானத்திலேயே அவரும் அடக்கம் செய்யப்பட்டார். அந்தச் சனிக்கிழமைப் பிள்ளையாகிய சார்ல்ஸ், தம் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான ஞானப்பாட்டுக்களை இயற்றினார்.

நேயர்களே, இந்த அம்மையார் தம் மக்களுக்குச் சொத்து வைத்துப்போகவில்லை. கடனிலும் கண்ணீரிலும் கழிந்த நாட்களிலிருந்து ஆளுக்கொரு மாலையை எடுத்துக் கொடுத்தார். தரங்கம்பாடிக் கடற்கரையில் நிகழ்ந்த ஒரு தொண்டின் செய்தி, எங்கோ ஒரு குருமனையில் அந்த மாலைகளுக்குக் காரணமாயிற்று. அதை நினைவில் கொண்டு, நம் வீட்டுக் குழந்தைகளுள் ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு மாலையை, அவர்களுக்கே உரியதாக, நாமும் இன்றே ஒதுக்கிவைப்போமாக.