பாக்கெட்டில் உள்ள கணக்கும் அடுப்பில் ஏறும் கணக்கும்



பாதி வெந்த சப்பாத்தி, நூடுல்ஸ், உப்புமா மாவு, அப்பளம் எல்லாம் இப்போது நம் ஊர்க் கடையிலேயே பாக்கெட்டில் கிடைக்கின்றன. காடு கழனிக்குப் போய் அலுத்து வருகிறவர்களுக்கு இது ஒரு வசதிதான். வாங்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. வாங்கினால் பின்பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அங்கே ஒரு கட்டம் போட்டு, 'எனர்ஜி' என்று எழுதி, 100 கிராமுக்கு இத்தனை கிலோ கலோரி என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த உணவு உடம்புக்குக் கொடுக்கும் சக்தியின் அளவு அது. பேச்சில் நாம் கலோரி என்று சொல்வது இதைத்தான். ஆங்கிலத்தில் இருந்தால் படிக்கிற பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'சமைத்த பின்' என்று தனியாகப் போட்டிருந்தால் ஒழிய, அந்தக் கணக்கு பாக்கெட்டில் உள்ள பொருளுக்கு மட்டும்தான். நம் வீட்டு அடுப்பில் நாம் என்ன சேர்ப்போம் என்று கம்பெனிக்காரருக்கு எப்படித் தெரியும்? அந்தக் கணக்கை மாற்றுகிறவை முக்கியமாக இரண்டு: எண்ணெய், தண்ணீர்.

முதலில் எண்ணெய். மாவுச் சத்திலும் புரதத்திலும் 1 கிராமுக்கு 4 கலோரி. எண்ணெயில் 1 கிராமுக்கு 9 கலோரி. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், ரேஷன் பாமாயில் எதுவானாலும் இதில் பேதம் இல்லை. ஒரு சின்னக் கரண்டி, அதாவது 5 மில்லி எண்ணெயில் சுமார் 40 கலோரி.

ஒரு சப்பாத்திக்கு 120 கலோரி என்று பாக்கெட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெறும் கல்லில் சுட்டால் 120-தான். இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்னக் கரண்டி எண்ணெய் விட்டால் 200. மூன்று சப்பாத்தி சாப்பிடுகிறவருக்கு 360-க்குப் பதில் 600 ஆகிவிடுகிறது. கூடின 240 கலோரி இன்னும் இரண்டு சப்பாத்திக்குச் சமம். ஆனால் வயிறு அதை உணராது.

அப்பளமும் அப்படித்தான். தணலில் சுட்டால் பாக்கெட்டில் உள்ள கணக்கே. பொரித்தால் எண்ணெயும் சேரும். எவ்வளவு சேர்ந்தது என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. சட்டியில் ஊற்றும் முன் எண்ணெயை அளந்துகொள்ளுங்கள். பொரித்து, நன்றாக ஆறிய பிறகு மீதியை அளந்து பாருங்கள். குறைந்ததெல்லாம் பெரும்பாலும் பலகாரத்துக்குள் போயிருக்கிறது. 50 மில்லி குறைந்தால் சுமார் 400 கலோரி.

நூடுல்ஸைத் தண்ணீரில்தானே வேக வைக்கிறோம் என்று நினைக்கலாம். பல நூடுல்ஸ் வகைகளை ஆலையிலேயே எண்ணெயில் பொரித்துத்தான் பாக்கெட் போடுகிறார்கள்.

இனி தண்ணீர். தண்ணீரில் கலோரி கிடையாது. 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. அதுவே சோறாகிவிட்டால் 100 கிராம் சோற்றில் 130 அளவுதான். சத்து எங்கேயும் ஓடிவிடவில்லை. அரிசி தண்ணீர் குடித்து எடை கூடிவிட்டது, அவ்வளவுதான். ஆகவே உலர்ந்த மாவுப் பாக்கெட்டையும் சமைத்த உணவுப் பாக்கெட்டையும் 100 கிராம் கணக்கில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்து போவோம்.

தாய்மார்களே, இது குழந்தை விஷயத்தில் மிகவும் முக்கியம். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு சத்துமாவுக் கஞ்சியும் கொடுக்கிறோம். 25 கிராம் மாவில் ஏறக்குறைய 90 முதல் 100 கலோரி. அதை ஒரு டம்ளர் தண்ணீரில் நீர்க்கக் கரைத்தால், சின்ன வயிறு பாதி டம்ளரிலேயே நிறைந்துவிடும். குழந்தைக்குப் போனது 50 கலோரிகூட இல்லை. "நல்லாத்தானே குடிக்குது, எடை ஏறலையே" என்று கவலைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கரண்டியிலிருந்து வழியாமல் நிற்கிற மாதிரி கெட்டியாகக் காய்ச்சுங்கள். ஒரு சின்னக் கரண்டி எண்ணெயோ நெய்யோ சேருங்கள். அப்படியும் எடை ஏறாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

ஐயாமார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. சர்க்கரை நோய் இருந்தாலோ, இடுப்புச் சுற்றளவு கூடிக்கொண்டே போனாலோ, அதே எண்ணெய் உங்கள் தட்டில் குறைய வேண்டும். "சப்பாத்தி ஏன் காய்ஞ்சு கிடக்கு?" என்று வீட்டுக்காரம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் நன்மைக்காகத்தான் அப்படிச் சுடுகிறார்.

பெரியவருக்குக் குறைப்பதும் குழந்தைக்குக் கூட்டுவதும் ஒரே அடுப்பில் நடக்க வேண்டிய காரியம். கணவனும் மனைவியும் கலந்து பேசினால்தான் முடியும். இந்த வாரம் வாங்கும் பாக்கெட்டை இருவரும் சேர்ந்து வாசியுங்கள். எண்ணெயைக் கண் அளவில் ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். அச்சிட்ட கணக்கோடு கரண்டிக்கு 40 வீதம் கூட்டிக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் வீட்டுத் தட்டின் சரியான கணக்கு.