மானியம் பட்டாவைப் பார்க்குது, பாடுபடுகிறவளைப் பார்க்கலை!

(கொட்டச்சேடு கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



"மலைக்காரன் புதுசு எதையும் ஏத்துக்கமாட்டான்" என்று பேசுகிறார்கள். நாம் கேட்கிறோம்: காபி என்ன ஆதியிலிருந்தே இங்கே இருந்ததா? 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்தது. சில்வர் ஓக் ஆஸ்திரேலியா மரம். அதில்தான் இன்று நம்ம மிளகுக்கொடி ஏறி நிற்குது. பக்கத்துக் காட்டில் விளைந்ததைக் கண்ணால் பார்த்தால் நாமும் செய்வோம்.

அப்புறம் எது தடுக்குது? வழக்கம்! சாமை இடிக்கிறது பொம்பளை வேலை, கூலியில்லாத வேலை. கூலியில்லாத வேலைக்கு யார் மெஷின் வாங்குவார்? நெல்லுக்கு ஊரூருக்கு மில் வந்தது. சாமைக்கு உலக்கையே நின்றது. கை சலித்த வீட்டில் ரேஷன் அரிசி உலைக்குப் போனது. கொல்லிமலையில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானிய மில்களை ஊருக்குள்ளேயே வைத்து மகளிர் குழுக்களிடம் கொடுத்தது. இடிக்கிற பாடு குறைந்தது. அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

குனிந்து களை எடுப்பது அவள். களை வெட்டும் மெஷின் வந்தால் பிடிப்பது அவன். அவள் கூலி போச்சு. வேளாண் இயந்திரத் திட்டத்தில் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் 50 சதவீதம் வரை மானியம் உண்டு. ஆனால் சிட்டா கேட்கிறார்கள். சிட்டா யார் பேரில்? அப்பன் பேரில், புருஷன் பேரில்!

2005-இல் மகளுக்குச் சமபங்கு தந்த இந்து வாரிசுரிமைச் சட்டம், 2(2) பிரிவால் பழங்குடிப் பெண்ணை வெளியே நிறுத்துது. இதைத் திருத்த ஆலோசிக்கும்படி 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே மத்திய அரசிடம் சொன்னது. 2025 ஜூலையில், சத்தீஸ்கர் வழக்கு ஒன்றில் பழங்குடிப் பெண்ணின் வாரிசுகளுக்குச் சமபங்கு உண்டு என்று தீர்ப்பும் தந்தது. ஒவ்வொரு பெண்ணும் கோர்ட்டுப் படி ஏற முடியுமா?

ஆகவே நாம் கோருவது:

1. குடும்பப் பட்டாவை வைத்தே பெண் பேரில் மெஷின் மானியம் வழங்கு!

2. கணவன், மனைவி இருவர் பேரிலும் கூட்டுப் பட்டா கொடு!

3. சாமை, ராகி மில்லை ஊரிலேயே அமைத்து மகளிர் குழுவிடம் ஒப்படை!

4. மெஷின் பயிற்சியை ஊருக்குள் நடத்து. பெண்களுக்கும் ஓட்டக் கற்றுக்கொடு!

5. 2(2) பிரிவைத் திருத்து!

அரசிடம் கேட்பது பாதி. மீதி நம்ம வீட்டுத் திண்ணையில் இருக்கு. அடுத்த கூட்டத்துக்கு வீட்டுப் பெண்களோடு வாருங்கள். மனுவில் அவர்கள் கையெழுத்தே முதலில் இருக்கட்டும்.

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!