வளரும் பிள்ளைக்குப் பல் ஆடலாமா?

(தொடர்கல்வி மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைய பேச்சு பல்லைப் பற்றியது. பல்லைப் பிடித்து நிற்கும் ஈறுகளைப் பற்றியது.

வயதானால் பல் ஆடும் என்று எல்லோரும் சொல்வார்கள். 15 வயதுப் பிள்ளைக்குப் பல் ஆடினால் என்ன சொல்வது? சிலர் உடல் சூடு என்பார்கள். சிலர் தலையெழுத்து என்பார்கள். சிலர் பிடுங்கிப் போடு என்பார்கள். பிள்ளையோ வெட்கப்பட்டு வாயே திறக்காது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். இதற்குள் காலம் போய்விடும். பல்லும் போய்விடும்.

வளரும் பிள்ளைக்குப் பல் ஆடுவது தலையெழுத்து அல்ல. அது நோயின் அடையாளம். சீக்கிரம் கவனித்தால் பெரும்பாலும் பல்லைக் காப்பாற்றலாம்.

எந்தப் பல் ஆடலாம்?

குழந்தைக்குப் பால் பற்கள் 20. ஏறக்குறைய 6 வயதில் அவை ஆடி விழத் தொடங்கும். 12 அல்லது 13 வயதுக்குள் எல்லாம் விழுந்துவிடும். இது இயற்கை. பயம் வேண்டாம்.

அந்த வயதில் வாயில் 28 நிலையான பற்கள் இருக்கும். ஞானப் பற்கள் நான்கும் பிறகு முளைத்தால் மொத்தம் 32. இந்தப் பற்கள் விழுந்தால் மறுபடி முளைக்காது. எனவே இவை ஆடக் கூடாது.

விளையாட்டில் அடிபட்டும் பல் ஆடலாம். அப்போது அன்றைக்கே பல் மருத்துவரிடம் போக வேண்டும். வரிசை தவறிய பல்லுக்குக் கம்பி கட்டியிருந்தால் பல் கொஞ்சம் அசையும். அது மருத்துவருக்குத் தெரிந்தே நடப்பது. இந்த இரண்டும் இல்லாமல் பல் ஆடுகிறதா? பெரும்பாலும் ஈறு நோயாக இருக்கும்.

பல்லை எது பிடித்திருக்கிறது?

வேலி போடக் கம்பு நடுகிறோம். பாதிக் கம்பு மண்ணுக்குள் இருக்கும். மண் இறுகியிருந்தால் கம்பு ஆடாது. மழையில் மண் அரித்துப்போனால் கம்பு ஆடும். கம்பு கெட்டியாகத்தான் இருக்கிறது. அதைப் பிடித்திருந்த மண்தான் போய்விட்டது.

பல்லும் அப்படித்தான். பல்லின் வேர் தாடை எலும்புக்குள் இருக்கிறது. நுண்ணிய நார்கள் வேரை எலும்போடு கட்டியிருக்கின்றன. மேலே ஈறு மூடியிருக்கிறது. எலும்பு அரித்துப்போனால் சொத்தை இல்லாத நல்ல பல்லும் ஆடும்.

எலும்பை எது அரிக்கிறது? பல்லின் மேல் தினமும் ஒரு வழுவழுப்பான படலம் படிகிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. துலக்காமல் விட்டால் படலம் இறுகிக் கல் போல ஆகும். அதற்குப் பற்காரை என்று பெயர். கிருமிகளால் ஈறு சிவக்கும், வீங்கும். தொட்டால் இரத்தம் வரும். இது முதல் படி. கவனிக்காமல் விட்டால், சிலருக்கு நோய் உள்ளே இறங்கி நார்களையும் எலும்பையும் அழிக்கும். அது இரண்டாம் படி.

முதல் படியில் இருந்து முழுதாகத் திரும்பி வரலாம். இதை டென்மார்க் நாட்டில் நடந்து 1965இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஹரால்ட் லோ என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் அதைச் செய்தார்கள். நல்ல ஈறு உள்ள 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் 12 பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது.

இரண்டாம் படி அப்படி அல்ல. அழிந்த எலும்பு தானாக வளர்ந்து பழையபடி ஆகாது. ஆனால் மேலும் அழியாமல் தடுக்க முடியும்.

சிறு வயதிலேயே ஏன் வருகிறது?

பருவ வயதில் உடலில் ஊறும் சுரப்புகளால் ஈறு எளிதில் வீங்கும். கொஞ்சம் அழுக்கு சேர்ந்தாலே இரத்தம் கசியும். ஆனாலும் சுத்தமாக வைத்திருந்தால் இது அடங்கிவிடும்.

சில குடும்பங்களில் வேறு ஒரு வகை நோய் உண்டு. பருவ வயதை ஒட்டித் தொடங்கும். முன் பற்களையும், 6 வயதில் முளைத்த கடைவாய்ப் பற்களையும் தாக்கும். வெளியே அழுக்கு அதிகம் தெரியாது. ஆனால் எலும்பு வேகமாகக் கரையும். முன் பற்கள் விலகி இடைவெளி விழும். அண்ணனுக்கு இருந்தால் தங்கைக்கும் வரலாம். அதனால் ஒரு பிள்ளைக்கு இருந்தால் கூடப் பிறந்தவர்களையும் காட்ட வேண்டும்.

உடலில் வேறு நோய் இருந்தாலும் ஈறு காட்டிக்கொடுக்கும். சர்க்கரை நோய் இருந்தால் ஈறு நோய் முற்றும். பிள்ளைக்குத் தாகம் அதிகமா? அடிக்கடி சிறுநீர் போகிறதா? உடல் இளைக்கிறதா? உடனே சர்க்கரை பார்க்க வேண்டும். வலிப்பு நோய்க்கான சில மாத்திரைகளால் ஈறு தடித்து வளரும். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஈறில் இரத்தம் வருவதோடு காய்ச்சல், உடல் வெளுப்பு, காரணம் இல்லாத கன்றிய தழும்புகள் இருந்தால் தாமதிக்காமல் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

ஒரு வீட்டில்...

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மகள் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். துலக்கும்போது இரத்தம் வருகிறது. பயந்துபோய்த் துலக்குவதையே குறைத்துவிடுகிறாள். சில மாதத்தில் முன் பல் ஆடுகிறது.

"அம்மா, பல் ஆடுதும்மா" என்கிறாள்.

"சூடும்மா. மோர் குடி, சரியாயிடும்" என்கிறாள் அம்மா.

அப்பாவுக்கு வேறு கவலை. "முன் பல் போயிட்டா நாளைக்கு யார் கட்டிக்குவா?" என்கிறார். அதைக் கேட்ட பெண் அதன் பிறகு பல்லைப் பற்றி வீட்டில் பேசவே இல்லை.

கடைசியில் பக்கத்து வீட்டு அக்கா அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போகிறாள். மருத்துவர் மெல்லிய கருவியால் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே அளந்து பார்க்கிறார். நல்ல ஈறில் அந்தப் பள்ளம் 3 மில்லி மீட்டருக்கு மேல் போகாது. இவளுக்குச் சில இடங்களில் 6, 7 என்று இருக்கிறது. எக்ஸ்ரே எடுக்கிறார். காரையைச் சுரண்டி எடுக்கிறார். ஈறுக்கு அடியில் வேரையும் சுத்தம் செய்கிறார். மருந்து தருகிறார். ஆடும் பற்களைப் பக்கத்துப் பற்களோடு கம்பியால் இணைக்கிறார்.

"ஒரு கடைவாய்ப் பல்லைக் காப்பாத்த முடியலைம்மா. மத்ததைக் காப்பாத்தலாம். மூணு மாசத்துக்கு ஒரு தரம் வரணும். அடுத்த தடவை தம்பியையும் கூட்டிட்டு வாங்க" என்கிறார்.

தம்பிக்கு வயது 12. அவனுக்கும் இரண்டு இடத்தில் நோய் தொடங்கியிருக்கிறது. ஆனால் பல் ஆடவில்லை. அக்காவுக்குப் போனது ஒரு பல். அவனுக்கு ஒன்றும் போகாமல் பார்த்துக்கொள்ளலாம்.

வீண் பயம் வேண்டாம்

"பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும்" என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு. காரை பல்லிடுக்கை அடைத்திருக்கும். எடுத்ததும் இடுக்கு தெரியும். சில நாள் கூச்சமும் இருக்கும். பல்லை ஆட வைத்தது நோய். சுத்தம் செய்தது அல்ல.

"மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும்" என்பதும் தவறு. பல்லுக்கும் பார்வைக்கும் தொடர்பு இல்லை.

"இரத்தம் வந்தால் துலக்கக் கூடாது" என்பது எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு. இரத்தம் வந்தால் மென்மையாக, ஆனால் நன்றாகத் துலக்க வேண்டும். சாதாரண ஈறு வீக்கம் என்றால் ஓரிரு வாரத்தில் இரத்தம் நிற்கும். நிற்காவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஆடும் பல்லை நூல் கட்டி இழுக்காதீர்கள். விரலால் ஆட்டிப் பார்க்காதீர்கள். வெதுவெதுப்பான உப்பு நீரில் கொப்பளிக்கலாம். இதமாக இருக்கும். ஆனால் அது மட்டும் நோயைத் தீர்க்காது.

வீட்டில் என்ன செய்யலாம்?

காலையிலும் இரவு படுக்கும் முன்பும் துலக்க வேண்டும். மென்மையான பிரஷ் போதும். ஃபுளோரைடு கலந்த பற்பசை பட்டாணி அளவு போதும். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் பிரஷைச் சாய்த்து வைத்துச் சிறு வட்டமாகத் தேய்க்க வேண்டும். இரண்டு நிமிடம் துலக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரஷை மாற்ற வேண்டும்.

"ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்பது பழமொழி. குச்சியால் துலக்குபவர்கள் நுனியை நன்றாக மென்று, பஞ்சு போல ஆக்கிய பிறகு துலக்க வேண்டும். உட்புறமும் துலக்க வேண்டும். செங்கல் பொடி, சாம்பல், கரித்தூள் வேண்டாம். இவை பல்லைத் தேய்க்கும், ஈறைக் கிழிக்கும்.

புகையிலை கூடவே கூடாது. மகாராஷ்டிராவில் மிஷ்ரி என்றும், ஒடிசா, சத்தீஸ்கர் பகுதிகளில் குடாக்கு என்றும் புகையிலையைப் பல்லில் தேய்க்கிறார்கள். பல் சுத்தமாகும் என்று நம்பிச் சிறு பிள்ளைகளும் தேய்க்கிறார்கள். அது ஈறைக் கெடுக்கும். வாய்ப் புற்றுநோயையும் தரும். பற்பசையிலும் பற்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை இந்திய அரசு 1992இலேயே தடை செய்தது. 18 வயது நிரம்பாதவர்களுக்குப் புகையிலை விற்பது 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பீடி, சிகரெட் பிடிப்பவருக்கு ஈறில் இரத்தம் கசிவது குறைந்து தெரியும். அதனால் நோய் மறைந்திருந்து வளரும்.

எங்கே போவது?

பல மாவட்ட அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. அரசு பல் மருத்துவக் கல்லூரிகளிலும் சிகிச்சை உண்டு. ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற மத்திய அரசுத் திட்டம் 2013இல் தொடங்கியது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கானது. அந்தக் குழு அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வரும். வரும்போது, "என் பிள்ளையின் ஈறையும் பாருங்கள்" என்று தயங்காமல் கேளுங்கள்.

இன்று இரவு வீட்டில் நல்ல வெளிச்சத்தில் பிள்ளைகளின் வாயைப் பாருங்கள். ஈறு சிவந்திருக்கிறதா? இரத்தம் வருகிறதா? சீழ் வருகிறதா? வாய் நாற்றம் இருக்கிறதா? பல் விலகுகிறதா, ஆடுகிறதா? ஒன்று இருந்தாலும் திட்டாதீர்கள். திட்டினால் பிள்ளை மறைக்கும். "சொன்னது நல்லதாப் போச்சு. நாளைக்கே போகலாம் வா" என்று சொல்லுங்கள்.